அத்தியாயம் 6: தை மூணுக்கு வீடு நிறையும்போது

அலங்காநல்லூரில் பொங்கலை விடத் தை மூணுதான் பெரிய நாள். அவனியாபுரம், பாலமேடு முடிந்து மூன்றாம் நாள் இங்கே ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கும். முந்தின சாயங்காலமே சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். திண்ணை, மொட்டைமாடி, தொழுவத்து ஓரம் என்று கண்ட இடத்தில் ஆள் படுத்திருக்கும். வாசலில் கிடக்கும் செருப்பில் எது யாருடையது என்று தெரியாது. குளியலறைக்கு வரிசை நிற்கும். அடுப்படியில் கறிக்குழம்பு கொதிக்கும்போதே முன்பின் பார்க்காத ஒருவர் உள்ளே வந்து, "தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று வாங்கி வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போவார்.

வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதைத் தீர்க்க ஒரே சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஓசிடி என்ற மனநோய் உள்ளவருக்கு வருஷத்திலேயே கடினமான நாள் இது. காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொள்ளத் தோன்றும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடத் தோன்றும். இரண்டும் வேண்டாம். அந்த நாளையே இலக்காக வைத்து, ஐப்பசியிலேயே வேலையைத் தொடங்குவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். நாள் குறிக்காத பயிற்சி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

ஐப்பசி என்று சொல்வதற்கு மருந்துக் கணக்கும் ஒரு காரணம். ஓசிடிக்குக் கொடுக்கும் ஃப்ளுவோக்ஸெடின், செர்ட்ரலின், ஃப்ளுவோக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. சரியான அளவுக்கு வந்தபின் 8 முதல் 12 வாரம் வரை பொறுத்தால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விட இதற்கு அளவும் பெரும்பாலும் கூடுதலாகத் தேவைப்படும். மார்கழிக் கடைசியில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தை மூணுக்கு நிம்மதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்தியவர்களுக்கு மருந்து பலிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. அது இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.

இந்த நோய் இவ்வளவு நாள் ஒளிந்திருந்ததற்கு ஊர்ப் பாராட்டும் துணை. போகிக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டைக் கழுவி, பாத்திரத்தை மூன்று முறை தேய்த்து, பரணைத் துடைக்கும் மருமகளை யாராவது நோயாளி என்பார்களா? "எங்க மருமக சுத்தக்காரி, கை வச்ச இடம் பளிங்கு" என்று மாமியாரே தெரு முழுக்கச் சொல்வார். விரல் இடுக்கில் தோல் வெடித்திருப்பதும், மாசத்துக்கு எத்தனை சோப்பு தீர்கிறது என்பதும், அந்தப் பெண் ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்பதும் அந்தப் பாராட்டில் வராது. சுத்தம் பிடித்துச் செய்கிறவர் முடித்ததும் ஓய்ந்து உட்கார்வார். ஓசிடியில் மனசு ஒப்பாது; முடித்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கச் சொல்லும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது, அல்லது இதனால் வேலையும் உறவும் கெடுகிறது என்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நமக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைக்க வேண்டாம். 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு ஓசிடி இருப்பது தெரிந்தது. ஆயிரம் பேர் ஓட்டுப் போடுகிற ஒரு வாக்குச்சாவடியில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழெட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கதவுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

சிகிச்சையின் முதுகெலும்பு ஒன்றுதான்: பயம் வரட்டும், சந்தேகம் இருக்கட்டும், அதைத் தீர்க்கிற சடங்கை மட்டும் செய்யாதீர்கள். 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், எதற்கும் கட்டுப்படாத இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார். அவர்கள் அஞ்சிய பொருளைத் தொட வைத்தார். கழுவப் போகாமல் நர்சுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இன்று உலகம் முழுக்க ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கும் பேச்சுச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான். இதைக் கேட்டதும் சில வீட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பாத்ரூம் கதவைப் பூட்டி, "இனி எப்படிக் கழுவுறன்னு பாக்குறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். அது சிகிச்சை ஆகாது, அடக்குமுறை. சம்மதித்தவர் தாமே ஏறுகிற படிகளில்தான் பலன் உண்டு.

படி போடுவதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு மருமகளுக்குத் தொழுவத்தில் இருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்து, தன் கை வழியாகப் பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்ற பயம். தொழுவத்துப் பக்கம் போனாலே தலைக்குக் குளியல், கட்டியிருந்த சேலை ஊறப்போடல். ஒரு நோட்டில் தொழுவம் தொடர்பான காரியங்களை எழுதி, கழுவாமல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பதறும் என்று நூற்றுக்கு மார்க் போட வேண்டும். தொழுவத்துக் கதவின் கொக்கியைத் தொடுவதற்கு 30 வரலாம். ஆணியில் தொங்கும் பழைய கயிற்றைப் பிடிப்பதற்கு 45. பிடித்த கையால் முந்தானையையும் செல்போனையும் தொடுவதற்கு 60. அதே சேலையோடு அடுப்படிக்குள் போவதற்கு 70. கட்டிலில் உட்கார்வதற்கு 85. பிள்ளையைத் தூக்கி மடியில் வைப்பதற்கு 95. மார்க் உங்களுடையது, அடுத்த வீட்டுக்காரிக்கு அது சிரிப்பாக இருக்கலாம், பொருட்படுத்தாதீர்கள்.

முப்பதில் தொடங்குங்கள். கொக்கியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் வழக்கமான வேலையைப் பாருங்கள். வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். கண்ணை மூடிச் சாமி பெயரை நூற்றெட்டு முறை சொல்லிப் பயத்தை விரட்டக் கூடாது. அதுவும் மறைமுகமாகக் கழுவுவதுதான். பதற்றம் ஏறும், நெஞ்சு அடிக்கும், பிறகு பெரும்பாலும் தானே இறங்கும். சில நாள் இறங்காது. அது தோல்வி இல்லை. பதற்றம் இருக்கும்போதே வெங்காயம் உரித்து முடித்தீர்கள் அல்லவா, கற்க வேண்டிய பாடம் அதுதான். தினமும் ஒரே படியைச் செய்து, அது அலுத்துப்போன பிறகு அடுத்ததற்குப் போங்கள். அலுப்புத்தான் இங்கே நல்ல அறிகுறி. அடுத்த படிக்கு அவசரப்படவும் வேண்டாம், ஒரே படியில் மாசக்கணக்கில் குடியிருக்கவும் வேண்டாம்.

சாணி அள்ளிய கையைக் கூடக் கழுவக் கூடாதா என்று கேட்பீர்கள். கழுவலாம், ஒரு முறை, சோப்புப் போட்டு, அந்த வீட்டில் மற்றவர்கள் எப்படிக் கழுவுகிறார்களோ அப்படி. எது போதும் என்று உங்களுக்குள் இருக்கும் அளவுகோல் இப்போது பழுது. அது சரியாகும்வரை நாத்தனாரின் அளவுகோலைக் கடன் வாங்குங்கள். அவர் கை கழுவி முந்தானையில் துடைத்துவிட்டு உலை வைக்கப் போனால் நீங்களும் போங்கள்.

சரிபார்க்கிற ஓசிடி ஆண்களிடம் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தினோமா, ஸ்டார்ட்டர் பெட்டியை மூடினோமா என்று பாதி வழியில் பைக்கைத் திருப்புவது பொறுப்பான சம்சாரியின் குணமாகத்தான் ஊருக்குத் தெரியும். இப்போது செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. போன் போட்டால் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று குரலில் சொல்லும். ராத்திரி கரண்டுக்காகக் கண்விழிக்கிற விவசாயிக்கு அது வரம். சரிபார்க்கிற நோய்க்கோ அது தீனி. பைக்கைத் திருப்ப வேண்டியதில்லை, படுத்த இடத்தில் இருந்தே இருபது தடவை போன் போடலாம். கேஸ் சிலிண்டர் திருகை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் இதே ரகம். வைத்தியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். போட்டோவைப் பார்த்ததும், இது இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்று அடுத்த சந்தேகம் பிறக்கும். நிறுத்தும்போது ஒரே ஒரு முறை கண்ணால் பாருங்கள். பிறகு கிளம்பிவிடுங்கள். வழியில் "ஒருவேளை ஓடிக்கிட்டே இருந்தா?" என்று மனசு கேட்டால், "ஓடினாலும் ஓடும், காலையில் பார்ப்போம்" என்பதே பதில். அந்தப் பதிலில் உறுதி இல்லை என்பது உண்மைதான். உறுதி இல்லாமல் ஒரு ராத்திரி தூங்கப் பழகுவதுதான் பயிற்சி.

வெளியே தெரியாத வகை ஒன்று உண்டு, அதில்தான் மனிதர்கள் அதிகம் வதைபடுகிறார்கள். முனியாண்டி கோயில் வாசலில் கும்பிட்டு நிற்கும்போது சாமியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனசில் பாயும். அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது, பக்கத்தில் தவழும் பிள்ளையை வெட்டிவிடுவோமோ என்று ஒரு படம் வந்து போகும். கிணற்று மேட்டில் நிற்கும்போது யாரையோ தள்ளிவிடுவோமோ என்று கை கூசும். பிரசவமான சில மாதங்களில் இது தாய்மார்களுக்கு வருவது அரிதல்ல. வந்ததும் அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கவே பயந்து நடப்பார்கள். யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்காகவே சொல்ல வேண்டியது. மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் கேட்டபோது, ஐந்தில் நான்கு பேர் இப்படிப்பட்ட விபரீத எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள். எண்ணங்களின் உள்ளடக்கம் நோயாளிகளுடையதைப் போலவேதான் இருந்தது. மற்றவர்கள் "சீ, என்ன நினைப்பு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓசிடி உள்ளவர் அந்த நினைப்பை மனசுக்குள் கூண்டில் ஏற்றி நிறுத்தி, தன்னையே குறுக்குவிசாரணை செய்கிறார். பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவருக்குப் பிள்ளையைப் பற்றியும், பக்தி உள்ளவருக்குச் சாமியைப் பற்றியும்தான் வரும். நினைப்பு வந்ததே என்று பதறுகிறீர்களே, அந்தப் பதற்றமே உங்கள் விருப்பம் அதுவல்ல என்று காட்டுகிறது. டாக்டரிடம் இதை மழுப்பாமல் அப்படியே சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல, போலீசுக்கு யாரும் போன் போட மாட்டார்கள். ஆனால் பிரசவமான பெண் நாள்கணக்கில் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவதுதான் சரி என்று பதற்றமே இல்லாமல் பேசினால் அது வேறு நோய். பிள்ளையையும் தாயையும் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

சாமி குற்றம் என்று பரிகாரம் தேடி அலைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறி கேட்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது எல்லாம் நம் ஊர் வழக்கம், அதைக் கேலி செய்வது என் வேலை அல்ல. ஆனால் பரிகாரம் சரியாகச் செய்யவில்லையோ என்று இரண்டாம் பரிகாரம், அதிலும் குறையோ என்று மூன்றாவது என்று போனால் நோய் பக்தியின் வேஷம் கட்டியிருக்கிறது. விளக்கை ஒரு முறை ஏற்றுங்கள். கெட்ட வார்த்தை நடுவில் பாய்ந்தாலும் கும்பிட்டு முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். நம்பிக்கையான பூசாரி ஒருவர் இருந்தால், "ஒரு தடவை போதும்மா" என்று அவர் சொல்வது உதவும். ஒரு தடவைதான் அதையும் கேட்க வேண்டும்.

இனி வீட்டு மனிதர்கள். ராத்திரி பத்து மணிக்கு இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"என்னங்க, வந்த ஆளுங்க யாரும் பிள்ளை தட்டைத் தொடலைல?"

"தொடலம்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

"சத்தியமா?"

"இந்தா ஆரம்பிச்சுட்டா. மனுசன் தூங்க வேணாமா?"

கணவர் கெட்டவர் இல்லை. முதல் பதிலே போதும் என்று நம்பித்தான் சொல்கிறார். ஆனால் இந்த ஆறுதல் கந்துவட்டிக்குக் கட்டுகிற தவணை. எத்தனை கட்டினாலும் அசல் குறையாது, அடுத்த வாரம் இன்னும் கூடுதலாகக் கேட்கும். பல வீடுகளில் குடும்பமே நோயின் சட்டத்துக்குப் பழகிப்போயிருக்கும்: வெளியே போய் வந்தவர் கொல்லைப்புறம் வழியாக வர வேண்டும், பள்ளிக்கூடப் பை திண்ணையோடு நின்றுவிடும், அப்பத்தாவுக்குத் தனி டம்ளர். பாசத்தால்தான் செய்கிறார்கள். அதுதான் நோயை வளர்க்கிறது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். பதற்றம் இல்லாத ஒரு பகல் வேளையில் இருவரும் உட்கார்ந்து பேசி, எந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை என்று முதலில் ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். சொல்லப்போகும் வாக்கியத்தையும் அப்போதே தேர்ந்துகொள்ளுங்கள். "இது ஓசிடி கேக்குற கேள்வி. பதில் சொல்ல மாட்டேன்னு பேசி வச்சிருக்கோம்ல. வா, செத்த நேரம் வெளிய உக்காருவோம்." குரலில் எரிச்சல் வந்தால் அதே வாக்கியம் திட்டாக மாறிவிடும். மாமியார் வேறு மாதிரி, கணவர் வேறு மாதிரி நடந்தால் பயன் இல்லை. ஒருவர் மறுத்த ஆறுதலை இன்னொருவரிடம் போய் வாங்கிவிடுவார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மறைத்துக் கட்டிக்கொடுப்பதை விடப் பெரிய அநியாயம் இதில் கிடையாது. கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தல்ல. புது வீடு, புது மனிதர்கள் என்று பாரம் கூடத்தான் செய்யும்.

தை மூணு அன்று எல்லாப் படியையும் ஏற வேண்டும் என்பதில்லை. கார்த்திகையில் ஒரு வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், மார்கழியில் இரண்டு வீட்டாரை. அதுதான் ஒத்திகை. அன்றைக்கு உங்களுக்கென்று ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்: இலை போடுவது, மோர் ஊற்றுவது. சும்மா நின்று யார் எதைத் தொடுகிறார்கள் என்று காவல் காப்பதுதான் ஆபத்து. பதற்றம் முற்றினால் மாடியில் பத்து நிமிடம் காற்று வாங்கலாம், பாத்ரூமுக்குள் ஒதுங்கக் கூடாது. அங்கே குழாய் இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர், மச்சினியோ அண்ணனோ, அருகில் இருந்தால் போதும். மறுநாள் வீட்டைக் கழுவும்போது எல்லோரோடும் சேர்ந்து கழுவுங்கள், அவர்கள் விளக்குமாற்றை வைத்ததும் நீங்களும் வையுங்கள். ஒரு முறை வழுக்கி இரண்டாம் தடவை கழுவிவிட்டால், கழுவிய பிறகு போய்த் தொழுவத்துக் கொக்கியை மறுபடி தொட்டுவிடுங்கள். தப்பியதைச் சரிக்கட்ட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

டாக்டருக்கு எங்கே போவது? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். அலங்காநல்லூரில் இருந்து 20 கிலோமீட்டருக்குள்தான், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலத் துறையில் இயங்குகிறது. வெளியே கிளம்பவே தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது, கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் படி, பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனம் சிகிச்சைச் செலவை ஏற்க வேண்டும். பாலிசி வைத்திருப்பவர்கள் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது அந்த மார்க் நோட்டைக் கொண்டு போங்கள். "மனசு சரியில்ல டாக்டர், தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பி வர நேரும். ஓசிடிக்கு அது வைத்தியம் இல்லை. எந்த நினைப்பு, என்ன சடங்கு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, படபடப்போ விரக்தியோ கூடினால் அடுத்த தேதிவரை காத்திராமல் சொல்ல வேண்டும். பொங்கல் நல்லபடியாகப் போனது, இனி மாத்திரை எதற்கு என்று மாசியில் நிறுத்திவிடாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் ஒன்று இரண்டு வருஷம் தொடரச் சொல்வதுதான் வழக்கம். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களாக வாங்கிக்கொண்டே போவதும் சரியில்லை. மாசியில் ஒரு தேதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நோட்டில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று அன்றைக்கு அவரோடு சேர்ந்து பாருங்கள்.